மை இல்லாத பேனாவால் கட்டிய சாய்தளம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த மனிதன் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான் என்பது என் தாழ்மையான கருத்து. சமதரையில் சக்கரம் உருளும். படி வந்தால் நின்றுவிடும். இந்தக் குறையை மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சகித்துக்கொண்டு வந்தது. அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு கடைசியில் என் தலையில் விழுந்தது. நானும் தலையிலேயே வைத்துக் காப்பாற்றினேன். தரையில் இறக்கவே இல்லை. வருங்காலத் தலைமுறைக்குப் பயன்படும் என்பதால் அந்த வரலாற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

என் மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்தால் இப்போதும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடும். அந்தக் காலைத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி, எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிகளையும் ஏற்றி, கூடத்தில் இறக்கி வைத்தார்கள். "இனிமே நீங்க பாத்துக்குங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் என்னைச் சரியாக எடைபோடவில்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர். அவரோடு பஸ்ஸில் பணிக்காலம் முழுவதும் போய்வந்த கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் தெருமுனைப் பூங்காவில் ஒரு பெஞ்சைப் பிடித்து வைத்திருந்தார்கள். சாயங்காலமானால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். டிரைவர் உட்கார்ந்தே வேலை பார்த்தவர், கண்டக்டர் நின்றே வேலை பார்த்தவர். அதனால் இவருக்கு உட்காரும் சுகம் தெரியும், அவருக்கு உட்காரும் அவசியம் தெரியும். நின்று நின்று கண்டக்டரின் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. சமதரையில் நடப்பார், படி என்றால் முடியாது.

ஆக, மாமாவால் இறங்க முடியாது, கண்டக்டரால் ஏற முடியாது. நடுவில் மூன்றே படி. மாமா வாசற்படி வரை நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். கண்டக்டர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து கீழே நிற்பார். இரண்டு பேரும் கழுத்தை வளைத்துப் பேசுவார்கள். தெருவில் ஒரு லாரி போனால் பேச்சு நிற்கும். லாரி போன பிறகு எதில் விட்டோம் என்பது மறந்துவிடும்.

ஒரு நாள் கண்டக்டர் கீழே நின்றபடி சொன்னார்.

"டிரைவரே, நான் மக வீட்டோட போறேன். அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். அது ரொம்ப தூரம்யா. இனிமே நினைச்சா வர முடியாது."

மாமா நாற்காலியை வாசற்படியின் விளிம்பு வரை உருட்டினார். பிறகு கேட்டார்: "போறதுக்குள்ள ஒரு தடவை பெஞ்சுக்குப் போயிரலாமா?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

மாமா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இந்தப் படி மேல ஒரு சாய்வு கட்டிட்டா நான் உருண்டு போயிருவேன். ஏதாவது பண்ண முடியுமா?"

வேறு எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் அன்றைக்கே நாலு செங்கல் வாங்கியிருப்பான். நல்லவேளையாக அந்த வீட்டில் நான் இருந்தேன். நான் அப்போதுதான் ஒரு பேனா டேப்லட் வாங்கியிருந்தேன்.

பேனா டேப்லட் என்பது பார்வைக்குப் பள்ளிக்கூட ஸ்லேட்டு மாதிரி ஒரு கறுப்புப் பலகை. கூடவே மை இல்லாத ஒரு பேனா. பலகையில் கோடு போட்டால் பலகையில் எதுவும் விழாது. கம்ப்யூட்டர் திரையில் விழும். கை ஓரிடம், கண் வேறிடம், கருத்து மூன்றாவது இடம். இம்மூன்றும் ஒன்றுசேர்வதை முன்னோர்கள் யோகம் என்றார்கள். விற்பவர்கள் 'வொர்க்ஃப்ளோ' என்கிறார்கள். இதோடு சேர்த்துப் பொழுதுபோக்குக்காக வரைபவர்களுக்கென்றே ஒரு மாடலிங் சாஃப்ட்வேரும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். வீடு, மேசை, மாடிப்படி என எதையும் அதில் முப்பரிமாணத்தில் கட்டலாம். சாஃப்ட்வேர் இலவசம். பொழுதை மட்டும் நாம் போடவேண்டும்.

அதுவரை நான் அதில் கட்டி முடித்திருந்தது ஒரு பெட்டி. ஆனால் எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி.

"கவலைய விடுங்க மாமா," என்றேன். "முறைப்படி மாடல் போட்டு, அதுக்கப்புறம் கட்டலாம்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மொட்டை மாடியில பழைய கதவு ஒண்ணு கிடக்குது. அதை எடுத்துப் படி மேல சாய்ச்சு வெச்சா ஆகாதா?"

நான் சிரித்தேன். அறியாமையைக் கண்டு அறிஞர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. வீடியோக்களில் பார்த்துப் பழகியிருந்தேன். "ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும்மா. இல்லாட்டி வண்டி சறுக்கும். நம்ம படி ஒன்றரை அடி. அப்போ பதினெட்டு அடி. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல அவ்வளவு இடம் இல்ல. நடுவுல ஒரு திருப்பம் வைக்கணும். இதெல்லாம் மாடல்ல பாத்தாதான் தெரியும்."

"இப்பவே தெரிஞ்சுதானே சொல்றீங்க."

பெண்களுக்குச் செயல்முறை புரிவதில்லை.

வேலையைத் தொடங்கினேன். முதலில் வீட்டை வரைய வேண்டியிருந்தது. வீடு இல்லாமல் படி ஏது, படி இல்லாமல் சாய்தளம் ஏது. மாமா தன் நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பயணிகள் ஏறுவதற்காகக் காத்திருக்கும் டிரைவரின் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவின் இடுப்பில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியபடி பேனாவை நகர்த்தினால் திரையிலுள்ள வீடு சுழலும். நம் கட்டைவிரலோ கேட்காமலேயே அந்தப் பொத்தான் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் படியை வரையப் போவேன்; வீடு குட்டிக்கரணம் அடித்து அஸ்திவாரத்தைக் காட்டும். என் வீட்டின் அடிப்புறத்தை என்னைப் போல இத்தனை கோணங்களில் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. கட்டியவரே பார்த்திருக்க மாட்டார்.

"மாப்பிள்ளை, வண்டி கவுந்துருச்சு," என்பார் மாமா.

"நிமித்திடறேன் மாமா."

நிமிர்த்தினால் வீடு காணாமல் போகும். எங்கே என்று தேடினால் திரையின் ஓரத்தில் கடுகளவு நிற்கும். கிட்டே வா என்று பேனாவை இழுத்தால் ஒரே பாய்ச்சலில் நான் வீட்டுக்குள், சுவருக்கு நடுவில் நிற்பேன்.

அடுத்து, கோடுகள் ஒன்றோடொன்று சரியாக முட்டவேண்டும். முட்டினால் அந்தக் கட்டம் பரப்பாக நிரம்பும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் நிரம்பாது. மௌஸைப் பிடித்தால் சட்டென்று முட்டிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மௌஸ் எழுத்தர்களுக்கு, பேனா கலைஞர்களுக்கு. அலுவலகத்தில் நான் எழுத்தர் என்பதால் வீட்டிலாவது கலைஞனாக இருக்க ஆசைப்பட்டேன். கை நடுங்க நடுங்கக் கோடு போட்டேன். முட்டாத கோடுகளாகப் போட்டுப் போட்டு, முட்டாள் என்ற சொல் எப்படிப் பிறந்திருக்கும் என்று கண்டுகொண்டேன்.

ஒருவழியாகப் படிகள் எழுந்தன. சாய்தளமும் முளைத்தது. அதைச் சற்றே இடது பக்கம் நகர்த்தலாம் என்று இழுத்தேன். அது வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. முன்சுவர் கூடவே வந்தது. ஜன்னல் ரப்பர் மாதிரி நீண்டது. வாசல் தெருவைத் தாண்டிப் போயிற்று.

"மாமா, பாருங்க," என்றேன், இதையும் சாதனைக் கணக்கில் சேர்த்துவிடும் நோக்கத்தோடு. "நம்ம வீடே பூங்காவுக்குப் போயிடுச்சு."

மாமா திரையைப் பார்த்தார். "வீடு போயிருச்சு, சரி. நான் எப்ப போறது மாப்பிள்ளை?"

"அவசரப்படக் கூடாது மாமா. இதெல்லாம் படிப்படியாதான் நடக்கும்."

"படியில நடக்க முடியலன்னுதானே உங்ககிட்ட சொன்னேன்," என்றார் அவர், சற்றும் கோபமில்லாமல்.

என் மனைவிக்கு மட்டும் கோபம் வந்தது. நான் அலுவலகம் போயிருந்த நேரம் பார்த்து ஒரு கொத்தனாருக்குப் போன் செய்துவிட்டாள். விடுமுறை நாள் காலையில் வந்து நின்றார். படியைப் பார்த்தார், முற்றத்தை அடி வைத்து அளந்தார். "நடுவுல ஒரு திருப்பம் வெச்சுப் போட்டுரலாம் சார். நாளைக்கே செங்கல் இறக்கிரட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாடல் இன்னும் முடியலையே."

"என்ன மாடல்?"

உள்ளே அழைத்துவந்து காட்டினேன். கொத்தனார் திரைக்கு முன் குனிந்தார். நான் பேனாவை ஒரு இழுப்பு இழுத்து, தட்டையாகக் கிடந்த சதுரத்தைச் சுவராக எழுப்பினேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சார், இதுல பூச்சு காயற வரைக்கும் காத்திருக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"சாரம் கட்ட வேண்டாமா?"

"எதுக்கு?"

"தப்பா கட்டிட்டா?"

"ஒரு பொத்தான அமுக்குங்க. பழையபடி ஆயிடும்."

கொத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். ஒரு சுவர் எழுப்பினார், அழித்தார், மறுபடி எழுப்பினார். என் மனைவி தேநீர் கொண்டுவந்தபோது மூன்றாவது மாடிக்குப் போயிருந்தார். "இத்தனை வருஷமா வெயில்ல நின்னுட்டேனே சார்," என்றார், குரல் தழுதழுக்க. போகும்போது டேப்லட்டின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். செங்கலைப் பற்றி இருவரும் மறந்துவிட்டோம்.

அடுத்த வாரம் என் மனைவி அவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "வெளிவேலைக்குப் போறதில்லம்மா இப்போ. எனக்கு ஒரு வீடு டிசைன் பண்ணிக்கிட்டு இருக்கேன். பால்கனிய நகத்தினா சமையல்கட்டும் கூடவே வருது. சாரைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"தனித்தனியா குரூப் பண்ணச் சொல்லு," என்றேன் நான், ஆசானுக்குரிய கனிவோடு.

அவள் போனை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இதற்கிடையே என்னைப் போன்ற பொழுதுபோக்குச் சிற்பிகள் கூடும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, பட்டம் மட்டும்தான். என் சாய்தளத்தின் படத்தைப் போட்டதும் 'நிழல்மன்னன்' என்பவர் எழுதினார்: "அளவு சரி. ஆனால் உயிர் இல்லை. ஒரு மரம் வையுங்கள்." பெரியவர் சொன்னால் கேட்கவேண்டும். மரம் ஒன்றை இறக்கினேன். அதில் எவ்வளவு இலை இருந்ததோ, கம்ப்யூட்டரின் விசிறி பிரசவ வேதனையில் முனகியது. மரத்தின் நிழல் சாய்தளத்தின் திருப்பத்தில் அழகாக விழவேண்டும் என்பதற்காக மரத்தைத் திருப்பத்திலேயே நட்டேன். ஆள் ஒன்று வேண்டும் என்றார் நிழல்மன்னன். சக்கர நாற்காலி வரைவது கடினம். அதில் வளைவுகள் அதிகம். எனவே ரெடிமேடாகக் கிடைத்த, குடை பிடித்து நடக்கும் ஒருவரைச் சாய்தளத்தில் ஏற்றிவிட்டேன்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"மரம் நடுவழியில நிக்குதே மாப்பிள்ளை."

"அது நிழலுக்கு மாமா."

"வண்டி திரும்பாதே."

"எங்க மாமா, வண்டியே இன்னும் வரையலையே."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்டக்டர் வரும் நேரம் ஆகியிருந்தது.

இனி என் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பொதுமக்களின் மனுக்களைப் 'பெற்றுக்கொள்ளும்' அலுவலகம் எங்களுடையது. அவற்றைத் தீர்த்துவைக்கும் அலுவலகம் வேறு ஒன்று. அது எங்கே இருக்கிறதென்று கேட்டு நாங்களே ஒருமுறை மனு கொடுத்திருக்கிறோம். எங்கள் வாசலிலும் படிகள் உண்டு. அதைப் பற்றி ஒருவர் புகார் எழுதியிருந்தார். அவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஏறி வந்து கொடுக்க முடியாததால் தபாலில் அனுப்பியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் என் கம்ப்யூட்டர் திரையில் நான் பெருமையோடு வைத்திருந்த படம் மேலாளரின் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"சாய்தளம் சார். என் சொந்தப் படைப்பு."

"இதையே நம்ம ஆபீஸுக்குப் போடுங்க. மீட்டிங்ல வைப்போம்."

என் பணிவாழ்க்கையில் மேலாளர் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல்முறை. வீட்டுச் சாய்தளத்தை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு அலுவலகச் சாய்தளத்தில் இறங்கினேன். அதிகம் மாற்றவேண்டியிருக்கவில்லை. வீட்டை எடுத்துவிட்டு அலுவலகத்தை வைத்தேன். மரமும் குடைக்காரரும் இடமாற்றத்தில் கூடவே வந்தார்கள். பேனா பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கியது, குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவைத் தூக்கி இறக்கலாமே என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

கூட்டம் நடந்த அன்று காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து நின்றாள்.

"இன்னிக்கு மத்தியானம் கண்டக்டர் மாமா கிளம்பறார். கார் வருது. லீவு போடுங்க. எதிர்வீட்டுத் தையல்காரரையும் கூப்பிட்டு, அப்பாவ எப்படியாவது பெஞ்சு வரைக்கும் கொண்டுபோயிடலாம்."

"இன்னிக்கா? இன்னிக்குத்தானே சாய்தளத்த அரங்கேத்தறோம்."

"எந்தச் சாய்தளம்?"

கேள்வியில் விஷமம் இருந்தது. "மீட்டிங் முடிஞ்ச உடனே ஓடி வந்துடறேன்," என்றேன்.

கூடத்தில் மாமா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார்.

கூட்டம் கம்பீரமாக நடந்தது. சுவரில் என் சாய்தளம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. பேனாவால் அலுவலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். ஒரே ஒருமுறைதான் கவிழ்ந்தது. அதைக் 'கீழ்நோக்குக் காட்சி' என்று அறிவித்து விளக்கினேன். கைதட்டினார்கள். பிறகு ஆழமான விவாதம் தொடங்கியது.

"கைப்பிடிக்கு நீலம் அடிக்கலாம்," என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"நீலம் போன மீட்டிங்லயே வேண்டாம்னு முடிவாச்சே," என்றார் தபால் பிரிவுக்காரர்.

"அது பாத்ரூம் கதவுக்கு."

"கொள்கைன்னா கொள்கைதான்."

குடைக்காரர் எந்தப் பிரிவு ஊழியர், அலுவலக நேரத்தில் வெளியே என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டார். அவரை மனுதாரராகக் கருதலாம் என்று சமாதானம் ஆயிற்று. அப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா மெதுவாகக் கேட்டார்: "எப்ப சார் கட்டப் போறோம்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு அழகா இருக்குது. கட்டிட்டா அழுக்காயிடும்மா," என்றார். "நாலு பேர் ஏறுவாங்க, இறங்குவாங்க. நம்ம நோக்கம் என்ன? சாய்தளம் வேணும்னு மனு. இதோ சாய்தளம். படத்தை இணைச்சுப் பதில் போட்டுடலாம்."

ஏகமனதாக ஏற்கப்பட்டது. நானும் கை தூக்கினேன், வலிக்காத கையை.

சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. நன்றியுரையின்போது எடுத்தேன்.

"அப்பா இறங்கிட்டார்," என்றாள் மனைவி.

"எதுல?"

"உக்காந்தே."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

நடந்தது இதுதான். கார் வந்து நின்றிருக்கிறது. கண்டக்டர் கீழே வந்து நின்று, "அப்போ வரட்டுமாய்யா?" என்று கேட்டிருக்கிறார். லாரி ஒன்று போயிருக்கிறது. அவர் கேட்டது மாமாவுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று மாமா கத்தியிருக்கிறார். கண்டக்டர் மறுபடி சொல்லும்போது குரல் உடைந்திருக்கிறது. மாமா நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தரையில் இறங்கி, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, குழந்தைகள் இறங்குவதுபோலப் பின்புறத்தால் ஒவ்வொரு படியாக இறங்கிவிட்டார். என் மனைவி ஓடிவந்து பிடிப்பதற்குள் கடைசிப் படிக்குப் போயாயிற்று. இதைப் பார்த்த கண்டக்டரும் அவர் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போனபோது இருவரும் கீழ்ப்படியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரால் ஏற முடியாது. ஒருவரால் எழ முடியாது. மாமாவின் வெள்ளைச் சட்டையின் முழங்கைகளில் மண். கார் டிரைவர் கேட்டருகே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை. மீட்டிங் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"என்ன பிடிச்சிருக்கு?" என்றார் கண்டக்டர்.

"சாய்தளம்."

கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் போனை நீட்டி, எங்கள் வீட்டுக்கு வரைந்த படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, டிக்கெட்டைச் சரிபார்ப்பதுபோலப் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. மரமெல்லாம் வெச்சிருக்கீங்க. இந்தக் குடைக்காரர் யாரு?"

"அது சும்மா."

"டிரைவர் எங்க?"

நானும் குனிந்து படத்தில் தேடினேன். மாமாதான் சொன்னார். "நான் பெஞ்சுல இருக்கேன்யா, உன்கூட. அவ்வளவு தூரம் படத்துல எடுக்கல."

கண்டக்டர் என் போனை என்னிடமே கொடுத்தார்.

நேரமாகிறது என்றார் கார் டிரைவர். நானும் அவருமாகக் கண்டக்டரைக் கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பினோம். என் மணிக்கட்டு என்ன ஆயிற்றென்று அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. கண்டக்டர் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். கார் கிளம்பவில்லை, கார் டிரைவரும் ஏனோ தயங்கினார்.

பணிக்காலம் முழுவதும் கண்டக்டர் குரல் கொடுத்தால்தான் மாமா வண்டியை எடுப்பார். அன்றைக்கு மாமா கீழ்ப்படியில் உட்கார்ந்தபடி, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ரைட். போலாம்."

கார் போயிற்று.

எதிர்வீட்டுத் தையல்காரரும் நானும் என் மனைவியும் சேர்ந்து மாமாவை மேலே தூக்கி வந்தோம். அவர் கனமாக இருந்தார். நாற்காலியில் உட்கார வைத்ததும், "சிரமம் கொடுத்துட்டேன் மாப்பிள்ளை," என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தெரிந்த நாலு சமாதானத்தில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். இதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

அதன்பின் எல்லாம் சுபமாக முடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாமா ஊன்றுகோலோடு இறங்கிப் பூங்காவுக்குப் போகிறார். பெஞ்சில் பாதி இடம் விட்டு உட்காருகிறார். யாராவது கேட்டால், "ஆள் இருக்கு" என்று சொல்லிவிடுகிறாராம். என் மனைவி டேப்லட்டை அவருக்குத் தேநீர் கொண்டுபோகும் தட்டாகப் பயன்படுத்துகிறாள். டம்ளர் வழுக்குவதில்லை என்கிறாள். அந்தக் கருவியைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட முதல் நல்ல வார்த்தை அது. கொத்தனார் இணையக் குழுவில் 'மாளிகைச் சித்தர்' என்ற பட்டத்தோடு உலவுகிறார். என்னைவிட அவருக்கு ரசிகர்கள் அதிகம். அலுவலகச் சாய்தளத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில், படிகளை ஏறி வருபவர்கள் பார்த்து மகிழும்படி மாட்டியிருக்கிறோம். மனுதாரருக்கும் படத்தின் நகலை இணைத்து, 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டோம். இணையக் குழுவில் 'ஆண்டின் சிறந்த நிழல்' என்ற விருதும் எனக்குக் கிடைத்தது.

விருது கிடைத்த உற்சாகத்தில், எனக்கு இத்தனை புகழ் தேடித் தந்த எங்கள் வீட்டு மூன்று படிகளை வடிவமைத்தவர் யாரென்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. பாவம், மாடல் போடத் தெரியாத ஆள் போலிருக்கிறது. கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.